எதிர்பார்த்தது ஒன்பது

ஆனைகட்டியிலிருந்து இறங்கும் கடைசிப் பேருந்து.
என் மடியில் தெர்மகோல் பெட்டி.
உள்ளே ஐஸ். ஐஸுக்கு நடுவே
நாற்பது பேரின் இரத்தம், ஆளுக்கு இரண்டு மில்லி.
"மீனுங்களா?" என்கிறார் நடத்துநர்.
ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது மாதம். பதினோரு பதி. நானூறு பேர்.

ஆய்வகத்தில் மருந்து கலக்கி
ஒவ்வொரு குழாயையும்
கறுப்புக் கோடு போட்ட அட்டை முன் பிடிக்க வேண்டும்.
கோடு தெரிந்தால் வட்ட அணு.
கலங்கி மறைந்தால்
கதிர் அரிவாளாய் வளையக்கூடியது.
ஜெல்லில் ஓடவிட்டால் அதற்கு மேலும் தெரியும்:
வளைவைத் தந்தது ஒருவரா,
அப்பாவும் அம்மாவுமா.

கணக்கு எளியது,
பள்ளியில் போட்ட அதே வர்க்கம்.
அது கேட்கிற ஊர்தான் எங்கும் இல்லை.
எண்ணி மாளாத ஜனம்,
எவரும் வராத, எவரும் போகாத எல்லை,
யாரும் யாரையும் கட்டிக்கொள்ளலாம் என்கிற முறை.
இதைப் படித்த அன்று விடுதியில் சத்தமாகச் சிரித்தேன்.
எங்கள் வீட்டில்
பையன் என்ன கூட்டம் என்று கேட்காமல்
காபிகூட ஆற்றமாட்டார்கள்.

வளையும் மரபணு நூற்றுக்குப் பதினைந்து.
எதுவும் அசையாமல் இருந்தால்
ஒன்றும் சுமக்காதவர் இருநூற்று எண்பத்தொன்பது,
ஒன்றைச் சுமப்பவர் நூற்றிரண்டு,
இரண்டு சுமப்பவர் ஒன்பது.

எனக்குக் கிடைத்தது
284, 112, 4.

ஐந்து பேரைக் காணோம்.

கைவர்க்கச் சோதனையில் 3.84 வந்தது.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சரியா வரப்பு மேல நிக்குதுங்க.
இந்தப் பக்கம் சாஞ்சா உண்மை,
அந்தப் பக்கம் சாஞ்சா தற்செயல்.
இன்னொரு நூறு சாம்பிள் எடுத்துட்டு வந்துருங்க."

மறுபடி போனேன்.
பழைய பள்ளிச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில்
மலேரியாக்காரர்கள் மருந்தடித்து எழுதிப்போன தேதி.
அதற்கு முன்பெல்லாம்
ஒன்றும் சுமக்காத பிள்ளை காய்ச்சலில் நடுங்கிச் செத்தது.
ஒன்றைச் சுமந்தது பிழைத்தது.
இரண்டைச் சுமந்தது
அந்தப் பிழைப்புக்குக் கட்டிய வட்டி.
தராசு முள் நடுவில் நின்றது,
ஒரு தட்டில் கொசு,
மறு தட்டில் மார்கழியின் மூட்டு வலி.
கொசுவை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான்.
மறு தட்டு தரை தட்டியது.
இரத்தத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

சுகாதாரத் தன்னார்வலர் மருதி
முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.
கணக்குப்படி ஐந்து குறைகிறது என்றேன்.
"குழாய் ஒடஞ்சு போச்சுங்களா?"
"குழாய் இல்லீங்க. ஆளு."

முறத்தைக் கீழே வைத்தாள்.
கட்டைவிரலில் தொடங்கினாள்.
ரங்கன் மகன், முட்டி வீங்கி.
அவன் தங்கை.
மேல்பதி இரட்டையில் ஒன்று.
பிரசவத்தில் காளி.
காளி வயிற்றில் இருந்ததை எண்ணலாமா என்று
என்னைக் கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.
எண்ணினாள்.
ஒரு கை முடிந்தது.
அடுத்த கையில் இரண்டு விரல் மடங்கின.

ஏழு.

அதில் இருவர் வேறெதிலோ போயிருக்கலாம்.
ஆம்புலன்ஸ் மாங்கரையில் யானைக்காக நின்ற ஓர் இரவில்.
சாதாரணக் காய்ச்சலில்.
என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
மடங்கிய விரல்களை அவள் நிமிர்த்தவும் இல்லை.

கிளம்பும்போது இடது கையை நீட்டினாள்.
"ஊருக்கெல்லாம் எடுத்தீங்க,
என்னோடது யாரும் எடுக்கலியே."
நானூற்றொன்று என்று எழுதி ஒட்டினேன்.

தடாகம் சூளைப் புழுதியில் பேருந்து குலுங்கியது.
பெட்டியைத் திறந்து அந்தக் குழாயை மட்டும் எடுத்து
கோடு போட்ட நோட்டின் முன் பிடித்தேன்.
மருந்து கலக்காத இரத்தத்தில்
எந்தக் கோடும் தெரியாது.
தெரிந்தேதான்
சூளைகள் முடியும் வரை பிடித்திருந்தேன்.